மனை வாங்குமுன் மண்ணைப் பார்

தஞ்சாவூர்
புரட்டாசி 20

அன்புள்ள ராகவா,

உன் கடிதம் கிடைத்தது. ஓய்வு பெற்றதும் ஊரோடு வந்துவிடுவது என்று முடிவெடுத்தது நல்லது. மனை வாங்க மேற்கே மருத்துவக் கல்லூரி சாலைப் பக்கமா, கிழக்கே மாரியம்மன் கோவில் பக்கமா என்று கேட்டிருக்கிறாய். புரோக்கர் சொல்லும் விலையை அப்புறம் பேசலாம். முதலில் மண்.

பெரிய கோவிலுக்குத் தெற்கும் மேற்கும் வல்லம் வரைக்கும் மேட்டு நிலம். செம்மண், அடியில் செம்புரைக்கல். கெட்டித்தரை சீக்கிரம் தட்டும், மழை நீர் நிற்காது. ஆனால் போர்வெல் ஆழமாகப் போடவேண்டும். கிழக்கும் வடக்கும் ஆறு கொண்டுவந்து போட்ட வண்டல். தண்ணீர் கைக்கெட்டும் ஆழம்தான், ஆனால் மனைகள் பெரும்பாலும் நேற்றுவரை வயல். அந்தக் களிமண் மழையில் உப்பும், சித்திரையில் சுருங்கி வெடிக்கும். அந்தப் பக்கத்து வீடுகளில் காம்பவுண்டுச் சுவரையும் ஜன்னல் மூலைகளையும் பார், விரிசல் அங்கேதான் ஆரம்பிக்கும். ஐந்தடிக் குழி ஒன்று வெட்டச் சொல். எடுத்த மண்ணை ஈரமாக்கி உள்ளங்கையில் உருட்டு. அறுபடாமல் கயிறாகத் திரிந்தால் களி. அஸ்திவாரத்துக்கு அண்டர் ரீம் பைல், அதாவது அடியில் குமிழ்போல் விரிந்த கான்கிரீட் தூண், கேட்பார்கள், செலவு ஏறும். வயலைத் தூர்த்த மனை என்றால் ஆறு, ஒன்பது அங்குலமாக மண் கொட்டி, தண்ணீர் விட்டு இடித்தார்களா என்று விசாரி. லாரியில் கொட்டி மட்டம் தட்டிய மண் ஒரு மழைக்காலம் ஊறாமல் படியாது.

புல வரைபடத்தை வாங்கி வாய்க்கால் எங்கே ஓடியது என்று பார். மனை போட்டவன் வாய்க்காலை மூடிவிடுவான், ஐப்பசியில் தண்ணீர் பழைய வழியைத் தேடி வந்துவிடும்.

மாநகராட்சி எல்லைக்கு வெளியே பாதாளச் சாக்கடை இராது, செப்டிக் டேங்க்தான். கிணற்றுக்கும் அதற்கும் 50 அடி இடைவெளி வேண்டும். முப்பதுக்கு நாற்பது மனையில் மூலைக்கு மூலை அளந்தாலே சரியாக 50 அடி. பக்கத்து வீட்டுக்காரன் டேங்கை எங்கே வைத்திருக்கிறான் என்பதையும் நீதான் கேட்க வேண்டும்! போர்வெல் தண்ணீரில் டி.டி.எஸ்., அதாவது கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் உப்பைப் பற்றிக் கவலை இல்லை.

பத்திர விஷயம். அங்கீகாரம் இல்லாத மனையானால், 2016 அக்டோபர் 20க்கு முன்பே மனையாக விற்றுப் பதிவானதா, அப்புறம் வரன்முறைப்படுத்தினார்களா என்று பார். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும், எவ்வளவு மலிவாக வந்தாலும் தொடாதே. பழைய பத்திரத்தில் மா, குழி என்றுதான் இருக்கும். ஒரு குழி 144 சதுர அடி, 100 குழி ஒரு மா, அதாவது ஏறக்குறைய 33 சென்ட். 1,200 சதுர அடி மனை எட்டேகால் குழிக்குக் கொஞ்சம் மேல்.

மற்ற வசதிகளுக்கு மேற்குப் பக்கம்தான் தோது. மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியும் புதுப் பேருந்து நிலையமும் அங்கேயே. பிரசவத்துக்கும் குழந்தைகளுக்கும் மட்டும் ஊருக்குள் ராசா மிராசுதார் ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும். மீனுக்குக் கீழவாசல். சாதாரண அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021இலிருந்து கட்டணம் இல்லை, தங்கச்சிக்கு உன் ஸ்கூட்டர் தேவைப்படாது.

எனக்குக் கேட்டால் மருத்துவக் கல்லூரிப் பக்கமே சரி, விலை கூடினாலும். கிழக்கே தோட்டம் போடலாம் என்ற ஆசை இருந்தால் மட்டும் அங்கே போ. வாழையும் தென்னையும் அந்த மண்ணில் நன்றாக வரும்.

மனை பார்க்க மாசியில் வராதே, எல்லா இடமும் மேடாகத்தான் தெரியும். கார்த்திகையில் இரண்டு நாள் விடாமல் பெய்த மறுநாள் வா. ரப்பர் செருப்போடு வா.

அன்புடன்,
சாமிநாதன்