அடிப்பாறை ஆழத்தோட அனுமானத்தையும் சேர்த்துப் போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பாலைவனப் பள்ளத்தாக்குக்கு அடியில பாறை எவ்ளோ ஆழத்துல இருக்குன்னு கிராவிட்டி சர்வே வச்சு சொல்றதப் பத்தி உங்க பேப்பர்ல வந்த கட்டுரையைப் படிச்சேன், நல்ல விஷயம், ஆனா ஆழத்தை அளந்து பார்த்த மாதிரி ஒரே நம்பரா அடிச்சுச் சொல்லியிருக்கறதுதான் எனக்கு உறுத்துது.

இந்த சர்வேக்கு வைக்கற கிராவிமீட்டர்ங்கற கருவி ஆழத்தை அளக்கறதே இல்ல, பூமியோட ஈர்ப்பைத்தான் அளக்குது. பள்ளத்தாக்கை நிரப்பியிருக்கற மணலும் சரளையும் பாறையை விட லேசு, அதனால நடுவுல போகப் போக ஈர்ப்பு கொஞ்சம் குறையும், அந்தக் குறைவுல இருந்துதான் ஆழத்தைக் கணக்குப் போடுறாங்க. அளக்கறது மில்லிகேல்ல, ஒரு மில்லிகேல்னா பூமியோட ஈர்ப்புல ஏறக்குறைய பத்து லட்சத்துல ஒரு பங்கு! கருவிக்குள்ள இருக்கற ஸ்பிரிங் நாள் முழுக்க மெல்ல இழுபட்டுட்டே இருக்கும், அதனால சில மணி நேரத்துக்கு ஒருக்கா முதல்ல ரீடிங் எடுத்த இடத்துக்கே (பேஸ் ஸ்டேஷன்) திரும்பி வந்து மறுபடி ரீடிங் எடுக்கணும், நிலா சூரியனோட இழுப்பைக் கழிக்கணும், பக்கத்துல இருக்கற மலைக்கும் திருத்தம் போடணும், நின்ன இடத்தோட உயரம் ஒரு மீட்டர் தப்பினாலே 0.2 மில்லிகேல் தப்பும், அதுவே ஆழத்துல சுமார் 10 மீட்டர்.

இவ்ளோவும் சரியா பண்ணினாலும் டென்சிட்டின்னு, அதாவது அடர்த்தின்னு ஒண்ணு இருக்கு. 21 மில்லிகேல் குறையுதுன்னு வைங்க. பாறைக்கும் மேல இருக்கற மண்ணுக்கும் டென்சிட்டி வித்தியாசம் கன சென்டிமீட்டருக்கு 0.5 கிராம்னு எடுத்தா சாதாரணக் கணக்குல சுமார் 1,000 மீட்டர் வரும், 0.4னு எடுத்தா 1,250. ரீடிங் அதேதான், ஆனா 250 மீட்டர் தள்ளிப்போகுது! ஆழத்துல மண் இறுகிக் கனமாகறதால மேல்மண்ணோட டென்சிட்டியையே அடி வரைக்கும் போட்டா ஆழம் கம்மியா காட்டும், நடுவுல எரிமலைக் குழம்புப் பாறை புதைஞ்சிருந்தாலும் அதே கதைதான். நெவாடா மாநிலம் முழுசுக்கும் அமெரிக்க புவியியல் ஆய்வுத்துறை 1990-ல இப்படி வரைபடம் போட்டப்ப, மலையில வெளிய தெரியற பாறை மேல எடுத்த ரீடிங்கை வச்சு ஈர்ப்புல அடிப்பாறையோட பங்கைத் தனியா பிரிச்சு, ஆழத்துக்கு ஏத்த மாதிரி டென்சிட்டியையும் மாத்தித்தான் கணக்குப் போட்டாங்க.

இன்னொண்ணு, பாறை இருக்கற ஆழம் வேற, தண்ணி கிடைக்கற ஆழம் வேற. படிக்கறவங்க ரெண்டையும் ஒண்ணுன்னு நினைச்சுருவாங்க.

அதனால அடுத்த தடவை ஆழத்தைப் போடும்போது எந்த டென்சிட்டி வித்தியாசத்துல வந்துச்சுன்னும், பாறை வரைக்கும் போன போர்வெல் ஏதாவது ஒண்ணோட ஒத்துப் பார்த்தாங்களான்னும் ஒரு வரி சேர்த்துப் போடுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர்