புதிய நெட்வொர்க் டிரைவரின் ஆவணத்தைப் படித்துச் செப்பனிட்டவர்களுக்கு ஒரு நன்றி மடல்

மீளாய்வில் உதவிய நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நாங்கள் எழுதிய திறமூல ஈதர்நெட் டிரைவர் (கம்பிவழி நெட்வொர்க் சாதனத்தை இயக்கும் நிரல்) லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில் சேர்த்துக்கொள்ளப்பட்டிருக்கிறது. அதற்கான ஆவணமும் கெர்னலின் ஆவணத் தொகுப்பில், மற்ற ஈதர்நெட் டிரைவர்களின் ஆவணங்களுக்கு அருகே இடம்பெற்றுவிட்டது. நிரலைப் பார்த்துத் தந்தவர்களின் பெயர்கள் அந்தந்தத் திருத்தத்தின் அடியிலேயே பதிவாகிவிடுகின்றன. ஆவணத்தை வரி வரியாகப் படித்து, கேள்வி கேட்டு, சில இடங்களில் விட்டுக்கொடுக்காமல் நின்றவர்களின் உழைப்பு அவ்வளவு தெளிவாக எங்கும் பதிவாவதில்லை என்பதால்தான் இந்த மடலை எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்று உங்களில் சிலர் கேட்டுக்கொண்டதால் எவருடைய பெயரையும் குறிப்பிடாமல், செய்த வேலையைச் சொல்லியே நன்றி கூறுகிறேன். அவரவர் பங்கை அவரவர் அடையாளம் கண்டுகொள்வீர்கள்.

ஆவணத்தை மீளாய்வு செய்வது நிரலை மீளாய்வு செய்வதைவிடக் கடினமானது என்பது என் கருத்து. நிரலில் தவறு இருந்தால் கம்பைலர் முறையிடும், சோதனை தோற்கும், கணினி நின்றுபோகும். ஆவணத்தில் தவறு இருந்தால் எதுவுமே உடைவதில்லை. 2016 முதல் கெர்னல் ஆவணங்களைத் தொகுத்துத் தரும் ஸ்ஃபிங்க்ஸ் கருவி, ஒரு தலைப்பின் அடிக்கோடு தலைப்பைவிடக் குட்டையாக இருந்தால்கூட எச்சரிக்கும். அந்தத் தலைப்பின் கீழ் எழுதியிருப்பது உண்மையா என்பது மட்டும் அதற்குத் தெரியாது. அந்த வேலையை நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். ஆவணத்தின் ஒவ்வொரு வாக்கியத்தையும் டிரைவர் கொடுக்கும் வாக்குறுதியாகக் கருதி, அதை டிரைவர் காப்பாற்றுகிறதா என்று நிரலைத் திறந்துவைத்துக்கொண்டு பார்த்தீர்கள். இதன் விளைவாக, பல இடங்களில் வாக்கியம் அப்படியே நின்றது, நிரல்தான் மாறியது.

இதற்கு முதல் சான்று, வந்தவற்றையும் கைவிடப்பட்டவற்றையும் கணக்கிட்டுக் காட்டும் எண்ணிகளைப் பற்றிய பகுதி. எங்கள் சாதனம் உள்ளே வரும் பாக்கெட்டுகளை (நெட்வொர்க்கில் பயணிக்கும் தரவுத் துண்டுகளை) கைவிடுவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முகவரி வடிகட்டியில் பொருந்தாமல் போவது ஒன்று. பாக்கெட்டை இறக்கிவைக்கக் காலியான பஃபர் (தற்காலிக நினைவிடம்) கிடைக்காமல் போவது மற்றொன்று. இரண்டையும் கூட்டி ‘ஆர்எக்ஸ் டிராப்ட்’ என்ற ஒரே எண்ணியில் காட்டுவதாக வரைவில் எழுதியிருந்தோம், நிரலும் அப்படியே செய்தது. ஒரு சேவையக மையத்தில் இரவுப் பணியில் இருக்கும் நண்பர் ஒருவர், கெர்னலின் சொந்த வரையறையை எடுத்துக் காட்டினார்: பஃபர் தீர்ந்துபோனதால் சாதனம் கைவிட்டவை ‘ஆர்எக்ஸ் மிஸ்டு எரர்ஸ்’ என்ற தனி எண்ணியில்தான் சேர வேண்டும், ‘டிராப்ட்’ எண்ணியில் சேரக் கூடாது. அதோடு அவர் நிறுத்திக்கொண்டிருந்தால் விதியைச் சுட்டிக்காட்டியவர் என்ற அளவில் நன்றி சொல்லியிருப்பேன். இணைப்பு திணறும் வேளையில் இந்த எண்களைப் பார்க்கும் ஒருவர் என்ன செய்வார் என்பதையும் அவர் விளக்கினார். ‘டிராப்ட்’ ஏறினால் அவர் முகவரி அமைப்பையும் வடிகட்டிகளையும் துருவுவார். ‘மிஸ்டு’ ஏறினால் ரிங் (பஃபர்களைச் சுட்டும் பதிவுகளின் வளையம்) அளவைக் கூட்டுவார், அல்லது எந்தச் செயலி மூச்சு முட்டிக் கிடக்கிறது என்று தேடுவார். இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிட்டால் அவர் தவறான கதவைத் தட்டிக்கொண்டிருப்பார். அந்த விளக்கம் இப்போது ஏறக்குறைய அவர் எழுதிய வடிவிலேயே ஆவணத்தில் இருக்கிறது.

அதே பகுதியில் இன்னொருவர் கேட்ட கேள்வி அளவில் சிறியது. வந்த பைட்டுகளை எண்ணும்போது ஒவ்வொரு சட்டத்தின் (பாக்கெட்டைச் சுமந்துவரும் ஈதர்நெட் உறையின்) இறுதியிலும் இருக்கும் 4 பைட் சரிபார்ப்புத் தொகையும் கணக்கில் சேருமா என்று அவர் கேட்டிருந்தார். சேரக் கூடாது என்பது கெர்னலின் வரையறை. எங்கள் சாதனமோ அதையும் சேர்த்தே எண்ணித் தருகிறது. நான்கு பைட் தானே என்று தோன்றலாம். ஆனால் ஈதர்நெட்டில் மிகச் சிறிய சட்டம் 64 பைட். அதில் 4 பைட் என்பது 6 விழுக்காட்டுக்கும் மேல். ஒரு கிகாபிட் இணைப்பில் இத்தகைய சிறு சட்டங்கள் முழு வேகத்தில் வந்தால் நொடிக்கு ஏறத்தாழ 14.88 லட்சம் வரும், அதாவது நொடிக்கு 59 லட்சம் பைட்டுக்கு மேல் கணக்கு பிசகும். இணைப்பின் ஒரு முனையில் எங்கள் சாதனமும் மறுமுனையில் வேறொரு சாதனமும் இருந்தால், இரண்டு முனைகளின் கணக்கும் ஒத்துப்போகாது. அந்த வேறுபாட்டைப் பாக்கெட் இழப்பு என்று எண்ணி யாரேனும் கேபிளைக்கூட மாற்றிப் பார்ப்பார்கள். இப்போது டிரைவர் அந்த 4 பைட்டைக் கழித்துவிட்டே எண்ணைத் தருகிறது.

நாப்பி பற்றிய பத்தியை மீளாய்வு செய்தவருக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். பாக்கெட்டுகள் குவியும்போது ஒவ்வொன்றுக்கும் ஓர் இன்டரப்ட் (செயலியை இடைமறிக்கும் அழைப்பு) வராமல், வந்தவற்றை எடுத்துக் கையாளும் டிரைவரின் போல் செயற்கூற்றைக் கெர்னலே அழைத்து, ஒரு தடவையில் இத்தனை பாக்கெட் வரை கையாளலாம் என்று ‘பட்ஜெட்’ கொடுப்பதுதான் நாப்பி முறை. வழக்கமாக அந்த பட்ஜெட் 64. அது முழுவதும் செலவானால் டிரைவர் இன்டரப்டைத் திறக்காமல் அதே எண்ணைத் திருப்பித் தர வேண்டும். முன்னதாகவே வேலை முடிந்தால், முடிந்துவிட்டதாக அறிவித்துவிட்டு இன்டரப்டைத் திறக்கலாம். இந்த இரண்டு நிலைகளையும் விளக்கியிருந்த பத்தியின் ஓரத்தில், “பட்ஜெட் பூஜ்யமாக வந்தால்?” என்று ஒரே ஒரு கேள்வியை அவர் எழுதியிருந்தார்.

பட்ஜெட் பூஜ்யமாக வருவது கற்பனையான நிலை அன்று. கெர்னல் நொறுங்கும் தறுவாயில்கூடத் தன் கடைசிச் செய்திகளை நெட்வொர்க் வழியாக வெளியேற்ற உதவும் நெட்கன்சோல் போன்றவை, அனுப்பி முடிந்தவற்றை மட்டும் துப்புரவு செய்துகொள்ளும் பொருட்டு பூஜ்ய பட்ஜெட்டுடன் டிரைவரை அழைக்கின்றன. அப்போது உள்ளே வந்த பாக்கெட்டுகளைத் தொடக் கூடாது. வேலை முடிந்ததாக அறிவிக்கவும் கூடாது. எங்கள் நிரல் இதைச் சரியாகவே செய்துகொண்டிருந்தது. ஆனால் அது, கையாண்ட எண்ணிக்கை பட்ஜெட்டைவிடக் குறைவா என்ற ஒப்பீடு தற்செயலாக அமைந்த விதத்தால் கிடைத்த சரி. பூஜ்யம் பூஜ்யத்தைவிடக் குறைவு இல்லை என்பதால் அறிவிக்கும் வரிக்குள் நிரல் நுழையவில்லை, அவ்வளவுதான். நாளை ஒருவர் அந்த ஒப்பீட்டில் ஒரு சமக்குறியைச் சேர்த்தால் போதும், கெட்டுவிடும்; அதுவும், வேறு ஏதோ கெட்டுப்போய் செய்தி மிகவும் தேவைப்படும் நேரத்தில்தான் வெளிப்படும். இப்போது ஆவணத்தில் பூஜ்ய பட்ஜெட்டுக்கென்று இரண்டு வாக்கியங்கள் இருக்கின்றன; நிரலில் அந்த ஒப்பீட்டுக்கு மேலேயே ஒரு குறிப்பும் இருக்கிறது.

ரிங்கின் ஒவ்வொரு பதிவும் ஒரு டிஸ்கிரிப்டர். அந்த ரிங்கை விளக்கும் பகுதியில், பஃபரின் முகவரியையும் நீளத்தையும் எழுதிய பின், அது யார் கையில் இருக்கிறது என்பதைக் காட்டும் உரிமை பிட்டை மாற்றி டிஸ்கிரிப்டரைச் சாதனத்திடம் ஒப்படைக்கிறோம் என்று இருந்தது. அந்த “பின்” என்ற சொல்லுக்கு யார் பொறுப்பு என்று ஒருவர் கேட்டார். கட்டி முடிக்காத வீட்டின் சாவியைக் கொடுத்துவிடக் கூடாது என்பது அவர் சொன்ன உவமை. நாம் எழுதிய வரிசையிலேயே நினைவகத்திலும் மாற்றங்கள் தென்பட வேண்டுமானால் இடையில் ஒரு தடுப்பு (எழுதும் வரிசை மாறாமல் காக்கும் கட்டளை) வேண்டும். எக்ஸ்86 கணினிகளில் அதை விட்டுவிட்டாலும் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது, ஆர்ம் கணினிகளில் பாரம் ஏறும்போது அரைகுறை டிஸ்கிரிப்டர் சாதனத்தின் கையில் சிக்கும். தடுப்பு நிரலில் இருந்தது. அது எதற்காக இருக்கிறது என்பது எங்கும் எழுதப்படவில்லை. காரணம் எழுதப்படாத தடுப்பை, வேகத்தைக் கூட்ட விரும்பும் யாரேனும் ஒருவர் என்றாவது ஒரு நாள் அகற்றிப் பார்ப்பார் என்பதைத் தம் அனுபவத்தில் கண்டவர் அவர்.

ஆவணத்தில் உள்ள ஒவ்வொரு கட்டளையையும் உண்மையான கணினியில் தட்டச்சு செய்து பார்த்த நண்பரின் பொறுமை பெரிது. நெட்வொர்க் சாதனங்களை அமைக்கும் ஈத்டூல் கருவி மூலம் ரிங் அளவை 1000 என்று கேட்டால் டிரைவர் ஓசைப்படாமல் 1024 ஆக்கிக்கொள்கிறது என்பதையும், அப்படி ஆக்குவது தவறில்லை, ஆனால் இரண்டின் அடுக்காக உயர்த்தப்படும் என்று ஆவணம் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்பதையும் அவர் எழுதியனுப்பினார். மாட்யூல் அளவுருக்கள் (டிரைவரை ஏற்றும்போது கொடுக்கும் அமைப்புகள்) வேண்டாம், ஈத்டூல், டெவ்லிங்க் ஆகிய பொது வழிகள் இருக்கையில் ஒவ்வொரு டிரைவரும் தனக்கென்று ஒரு குமிழ் வைத்துக்கொள்ளக் கூடாது என்று வாதிட்டவர்களுக்கும் நன்றி. இரண்டு அளவுருக்களை நீக்கியதும் அவற்றை விளக்கிய ஒரு பக்கமும் போயிற்று. ஆவணத்தில் எனக்கு மிகவும் பிடித்த திருத்தம் அதுதான்.

திரைவாசிப்பான் கொண்டு படிக்கும் ஒருவர், ரிங்கின் அமைப்பைக் காட்டக் கோடுகளாலும் கூட்டல் குறிகளாலும் நாங்கள் வரைந்திருந்த எழுத்துப்படம் தமக்கு “கோடு, கோடு, கோடு, கூட்டல்” என்று மட்டுமே கேட்பதாகத் தெரிவித்தார். படத்தை நீக்கச் சொல்லவில்லை. படம் சொல்வதை அதன் முன்னே ஒரு பத்தியாக எழுதச் சொன்னார். எழுதிப் பார்த்தபோது, படத்தில் தலைச் சுட்டியும் வால் சுட்டியும் ஒரே இடத்தில் நின்றால் ரிங் காலியா நிறைவா என்பது சொல்லப்படவே இல்லை என்பது புலப்பட்டது. ஓர் இடத்தை எப்போதும் காலியாக விட்டுவைக்கிறோம் என்ற தகவல் அந்தப் பத்தியில்தான் முதன்முதலாக ஏறியது. பார்வையுள்ள எவரும் அந்தக் குறையைக் கவனித்திருக்கவில்லை.

சாதனத்தைத் தயாரித்தவர்களின் பொறியாளர்கள், வன்பொருளின் அறியப்பட்ட குறைபாடுகளை ஆவணத்தில் வெளிப்படையாக எழுத ஒப்புக்கொண்டதற்கும் நன்றி. எழுதலாமா கூடாதா என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது, அது சற்று நீளவும் செய்தது. எந்தக் குறைபாட்டுக்காக டிரைவர் சுற்றுவழியில் போகிறது என்பது தெரிந்தால்தான் அந்தச் சுற்றுவழியை எப்போது எடுக்கலாம் என்பதும் பின்வருபவர்களுக்குத் தெரியும் என்ற வாதம் இறுதியில் ஏற்கப்பட்டது.

நெட்வொர்க் பகுதியின் பராமரிப்பாளர்களுக்கும் ஆவணப் பகுதியின் பராமரிப்பாளர்களுக்கும் நன்றி. மெர்ஜ் விண்டோ (அடுத்த பதிப்புக்கான மாற்றங்கள் முதன்மைக் கெர்னலில் சேர்க்கப்படும் காலம்) நடக்கும் ஏறத்தாழ இரண்டு வாரங்களில் புதிய அம்சங்களுக்கான வாசல் மூடியிருக்கும் என்பது தெரிந்ததே. அந்த இடைவெளியிலும் ஆவணத்தின் வரைவைப் படித்து, வாசல் திறந்தவுடன் அனுப்பும் நிலைக்குக் கொண்டுவர உதவினீர்கள். “மீளாய்வு செய்தவர்” என்ற வரிக்குக் கெர்னல் மரபில் ஒரு பொறுப்பு உண்டு. முழுமையாக ஆராய்ந்து, குறிப்பிடத்தக்க குறை ஏதும் தமக்குத் தென்படவில்லை என்று உறுதியளிப்பவர் மட்டுமே அதைத் தர வேண்டும். ஒரு பத்தியை மட்டும் படித்துக் கருத்துச் சொன்ன சிலர், அந்த வரியைத் தரத் தமக்குத் தகுதியில்லை என்று ஒதுங்கிக்கொண்டனர். அந்த நேர்மையை மதிக்கிறோம். அமைவுப் பட்டியலில் டிரைவரைத் தேர்ந்தெடுப்பவருக்குக் கிடைக்கும் உதவிக்குறிப்பு, எந்தச் சாதனத்துக்கு இது என்பதை முதல் வரியிலேயே சொல்வது அப்படி ஒதுங்கிய ஒருவரால்தான்.

வந்த பாக்கெட்டுகளைப் பல வரிசைகளுக்குப் பகிர்ந்தளிக்கும் ஆர்எஸ்எஸ் பகுதி இன்னும் எழுதப்படவில்லை. சேனல்களின், அதாவது இந்த வரிசைகளின், எண்ணிக்கையைக் குறைக்கும்போது, நீங்கப்போகும் வரிசை ஒன்றைப் பயனர் அமைத்த பகிர்வு அட்டவணை சுட்டிக்கொண்டிருந்தால் கெர்னலே அந்த மாற்றத்தை மறுத்துவிடும். எண்ணிக்கையைக் கூட்டும்போது பயனரின் அட்டவணையை அப்படியே விட்டுவைப்பதா, புதிய வரிசைகளையும் சேர்த்து மறுபடி நிரப்புவதா என்பதில் உங்களில் இருவர் எதிரெதிர் நிலையில் இருக்கிறீர்கள். விட்டுவைப்பதே சரி என்பது இப்போதைக்கு என் சாய்வு. அந்தப் பகுதியின் முதல் வரைவு, மற்ற எவருக்கும் முன்னதாக, உங்கள் இருவருக்கும் வந்து சேரும்.

நன்றியுடன்,
டிரைவரின் ஆவணத்தைப் பராமரிக்கும் குழுவின் சார்பில்