கல்லறைக்கு நடுவில் உட்கார்ந்து டீ குடிக்கிறோம், அப்பா

ஹெரிஃபோர்டு, இங்கிலாந்து
ஆகஸ்ட் 10

அன்புள்ள அப்பாவுக்கு,

கர்த்தருடைய நாமத்தில் ஸ்தோத்திரம். நாங்கள் மூன்று பேரும் சுகம். அத்தைக்கு முட்டுவலி எப்படி இருக்கிறது? கருப்பட்டி வந்து சேர்ந்தது. இரண்டு உடைந்து தூளாகிப் போயிருந்தது, அதையும் வழித்து டப்பாவில் போட்டுவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை போட்டோவைப் பார்த்துவிட்டு நீங்கள் போனில் கேட்டது காதிலேயே நிற்கிறது. "ஏ பிள்ளா, கல்லறைக்கு நடுவுல பாயை விரிச்சு டீ குடிக்கியளே, செத்தவுக மேல ஒரு மரியாதை வேண்டாமா?" பதில் சொல்வதற்குள் டவர் போய்விட்டது. அதற்கு முன்னால் நீங்கள் சொன்ன இன்னொரு விஷயமும் தூங்கவிடவில்லை: கோயில் வளாகம் முழுக்கப் பேவர் பிளாக் போடப் போகிறார்கள், சருகு விழுகிறது என்று வேம்பை வெட்டப் போகிறார்கள், கேட்டை ஞாயிறு தவிர மற்ற நாளில் பூட்டப் போகிறார்கள் என்று. இரண்டுக்கும் சேர்த்து எழுதுகிறேன். கமிட்டிக் கூட்டத்துக்கு முன்னால் வந்து சேர்ந்தால் நல்லது.

முதலில் டீ. நம் ஊரில் கோயில் வேறு, ஊருக்கு மேற்கே கல்லறைத் தோட்டம் வேறு. இங்கே பழைய கோயில்களில் இரண்டும் ஒன்றுதான். சுவரை ஒட்டியே நூற்றாண்டுக் கணக்கில் புதைத்திருக்கிறார்கள். அதனால் தரை மேடேறி, கோயிலுக்குள் போக இரண்டு படி கீழே இறங்க வேண்டியிருக்கிறது. 1850களில், காலரா பயத்திலும் இட நெருக்கடியிலும், நிரம்பிப்போன தோட்டங்களை மூடச் சட்டம் கொண்டுவந்தார்கள். எங்கள் தெருக்கோடிக் கோயில் தோட்டமும் அப்படி மூடப்பட்டதுதான். புதைப்பது நின்றுபோய் நூறு வருஷத்துக்கு மேலாகிவிட்டதால் அழுவதற்கும் ஆள் இல்லை. கல்லில் இருக்கும் பெயர்களே பாதி அழிந்துவிட்டன. அங்கே யார் உட்கார்ந்தாலும் யாருக்கும் மனவருத்தம் இல்லை, அப்பா. சொல்லப்போனால் யாருமே உட்காராமல் இருந்ததுதான் வருத்தமாக இருந்தது.

நான் 2021ல் இங்கே வந்த புதிதில் நைட் டியூட்டி முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்கி அந்தத் தோட்டம் வழியாகத்தான் வீட்டுக்கு வருவேன். நடுவே பொதுவழி போகிறது, அதை யாராலும் அடைக்க முடியாது. புல்லை மொட்டையடித்து வைத்திருப்பார்கள். ஒரே ஒரு பெஞ்சு, அதுவும் குப்பைத்தொட்டியைப் பார்த்தபடி. நாலு பேர் குறுக்கே நடப்போம், ஒருத்தரும் நிற்க மாட்டோம்.

மூன்று வருஷம் முன்னால் எங்கள் ஐயர், சபைப் போதகர் (பெண் ஐயர்தான், நீங்கள் சிரிக்க வேண்டாம்) ஆராதனை முடிந்ததும் எழுந்து, "இந்தத் தோட்டம் கோயிலுக்கு வராதவர்களுக்கும் சொந்தம், அவர்களுக்கு இங்கே என்ன வேண்டும் என்று கேட்டுப் பார்க்கலாமா?" என்றார். நாங்கள் கற்பனை பண்ணியது எல்லாம் பெரிது பெரிதாக: நீரூற்று, சிலை, சிறுவர் பூங்கா. தெருவில் போய்க் கேட்டால் கிடைத்த பதில்: காய்ந்த பெஞ்சு, சக்கர நாற்காலி புதையாத பாதை, தண்ணீர்க் குழாய். அவ்வளவுதான்.

அதைச் செய்யவும் பாடாகத்தான் இருந்தது. இங்கே கோயில் நிலத்தில் ஒரு கல்லை நகர்த்தவேண்டுமென்றாலும் 'ஃபேகல்ட்டி' என்று ஓர் அனுமதி வாங்கவேண்டும். டயோசிசுக்கு, அதாவது திருமண்டலத்துக்கு, ஒரு நீதிபதியே இருக்கிறார். காகிதத்துக்கு மேல் காகிதம். சாய்ந்து நிற்கிற கற்களை ஆட்டிப் பார்த்து, பிள்ளைகள் மேல் விழாது என்று உறுதி செய்த பிறகுதான் மற்றதெல்லாம். நம் கமிட்டிக்காரர்கள் ஒரே கூட்டத்தில் மரத்தை வெட்டத் தீர்மானம் போடுகிறார்களே, அதை நினைத்தால் இந்தக் காகிதக் கட்டு மேல் கொஞ்சம் மரியாதைகூட வருகிறது.

புல் விஷயம் உங்களுக்குப் பிடிக்கும். பக்கத்து ஷ்ராப்ஷயரில் 'கேரிங் ஃபார் காட்ஸ் ஏக்கர்' என்று ஓர் அமைப்பு இருக்கிறது. கல்லறைத் தோட்டங்களை உயிரோடு வைத்துக்கொள்ளச் சொல்லிக்கொடுப்பதே அவர்கள் வேலை. 'காட்ஸ் ஏக்கர்' என்றால் தேவனுடைய காணி என்று வைத்துக்கொள்ளுங்களேன். இந்தத் தோட்டங்களில் உழவும் இல்லை, உரமும் இல்லை. அதனால் வெளியே வயலில் அழிந்துபோன பூச்செடிகளின் விதையும் வேரும் இங்கே மண்ணுக்குள் பத்திரமாக இருக்கின்றன. ஒரு பக்கத்தை ஏப்ரலிலிருந்து ஜூலை வரை வெட்டாமல் விட்டோம். பிறகு அறுத்து, அறுத்த புல்லை வாரி வெளியே கொண்டுபோய்விட வேண்டும். அங்கேயே போட்டால் மக்கி உரமாகிப் புல்தான் கொழுக்கும், பூ வராது. மண் ஏழையாக ஏழையாகப் பூ கூடுகிறது. புல்லின் வேரைப் பிடித்து உறிஞ்சி அதை அடக்குகிற 'யெல்லோ ராட்டில்' விதையையும் இலையுதிர் காலத்தில் தூவினோம். காய் காய்ந்தால் நம் ஊர்க் கிலுகிலுப்பை மாதிரியே சலசலக்கும். செடி வேறு, சத்தம் ஒன்றுதான். உங்கள் பேரன் அதைப் பிடித்துக் காதில் ஆட்டிக்கொண்டே இருப்பான்.

முதல் கோடையில் திட்டு வாங்கினோம். "கோயிலைக் காடாக்கிவிட்டீர்கள்" என்று ஒரு பெரியவர் வாசலிலேயே சத்தம் போட்டார். பாதை ஓரமும் கல்லைச் சுற்றியும் ஒரு முழம் மட்டும் ஒட்ட வெட்டிவிட்டோம். வேண்டுமென்றுதான் விட்டிருக்கிறார்கள் என்று பார்த்தவுடனே தெரிந்தது, அவரும் அடங்கிவிட்டார்.

நான் பண்ணிய கூத்தையும் சொல்லிவிடுகிறேன். துப்புரவு நாளன்று, நீங்கள் ஈஸ்டருக்கு முன்னால் அம்மா கல்லறைக்கு வெள்ளை அடிப்பதை நினைத்துக்கொண்டு, கம்பிப் பிரஷும் வாளியுமாகப் போய் ஒரு கல்லைத் தேய்க்க ஆரம்பித்தேன். பாதி தேய்ப்பதற்குள் ஒரு பாட்டி ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். கல்லில் சாம்பலும் மஞ்சளுமாகத் திட்டுத்திட்டாக இருந்தது அழுக்கு இல்லையாம், லைக்கன். நாம் பிரியாணிக்குப் போடுகிற கல்பாசி இருக்கிறதே, அந்த இனம். வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வளராதவை இருக்கின்றனவாம். உள்ளங்கை அகலத் திட்டு என்றால் அந்தக் கல்லை நட்ட காலத்தில் முளைத்ததாக இருக்கலாம். ஒரே வாளியில் நான் துடைத்துவிட்டேன். அந்தக் கல் இன்றும் அரைத்தலை மொட்டையாக நிற்கிறது. அதைத் தாண்டும்போதெல்லாம் தலையைத் திருப்பிக்கொள்வேன்.

வாசலில் கூரை போட்ட ஒரு பழைய கேட் உண்டு, 'லிச் கேட்' என்பார்கள். 'லிச்' என்றால் பழைய ஆங்கிலத்தில் பிரேதம். சுமந்து வந்தவர்கள் ஐயர் வரும்வரை பெட்டியை இறக்கிவைக்கிற இடம், நம் சாலையோரச் சுமைதாங்கி மாதிரி. இப்போது அதன் திண்ணையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மழைக்கு ஒதுங்குகிறார்கள். வீட்டில் மிஞ்சின ஆப்பிள், சுரைக்காய் ஜாதியில் பச்சையாக ஒரு காய், எல்லாம் கூடையில் வைத்துவிட்டுப் போகிறார்கள். வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம். அந்தக் காயில் நான் கூட்டு வைத்துக் கொண்டுபோனேன். தட்டு காலி.

யார் வருகிறார்கள் என்று கேட்டீர்கள். உக்ரைனிலிருந்து வந்த இரண்டு பெண்கள் மத்தியானம் வந்து உட்கார்ந்து போனில் வீட்டோடு பேசுவார்கள். எங்கள் வார்டு டாக்டர் ஒருவர், முஸ்லிம், டியூட்டி முடிந்து பத்து நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டிருப்பார். தினமும் ஒரு கிழவி வருவார். கோயிலுக்குள் வாருங்களேன் என்று ஐயர் ஒருநாள் கூப்பிட்டதற்கு, "எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை, உங்கள் பெஞ்சு மேல் இருக்கிறது" என்றார். பீர் டப்பாவும் கிடக்கும், நாய்க் கழிவும் கிடக்கும். பொய் சொல்ல மாட்டேன். சனிக்கிழமை காலையில் கையுறை போட்டுக்கொண்டு பொறுக்குகிறோம். ஆனால் ஆள் நடமாட்டம் கூடக்கூட டப்பா குறைந்துதான் வருகிறது.

பிள்ளைக்கு லீவு விட்டதும் லண்டன் போயிருந்தோம். பக்கிங்ஹாம் அரண்மனையைவிட எனக்குப் பிடித்தது 'போஸ்ட்மேன்ஸ் பார்க்'. அதுவும் ஒரு பழைய கோயில் தோட்டம்தான், 1880ல் பூங்காவாகத் திறந்தது. பக்கத்துத் தலைமைத் தபால் நிலையத் தபால்காரர்கள் மத்தியானச் சோற்றுக்கு வந்து உட்கார்ந்ததால் அந்தப் பெயர். கல்லறைக் கற்களை எடுத்துச் சுவரோரம் சாய்த்து வைத்திருக்கிறார்கள். வாட்ஸ் என்ற ஓவியர் 1900ல் அங்கே ஒரு தாழ்வாரம் கட்டி, பிறரைக் காப்பாற்றப் போய் உயிர்விட்ட சாதாரண ஜனங்களின் பெயரை ஓடுகளில் எழுத வைத்தார். கொத்து வேலைக் கூலியாளின் மகள் ஆலிஸ் ஐயர்ஸ், 1885ல் எரிகிற வீட்டிலிருந்து மூன்று பிள்ளைகளைக் காப்பாற்றிச் செத்தவள். அவள் பெயருக்குக் கீழே ஒரு ஆபீஸ்காரர் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தார். மரியாதை என்று கேட்டீர்களே அப்பா, எனக்கு அது மரியாதைக் குறைவாகத் தெரியவில்லை.

இனி நம் கோயில். நான் வேலை செய்கிற மாடியிலிருந்து பார்த்தால் மேற்கே வேல்ஸ் மலை தெரியும். மெஞ்ஞானபுரம் கோயிலைக் கட்டின ஜான் தாமஸ் ஐயர் அந்த வேல்ஸ்காரர். தேரி மணலில் கிணறு வெட்டி, மரம் வைத்து, அதற்குப் பிறகுதான் கோபுரம் என்று எனக்கு அஞ்சாம் வகுப்பில் கதை சொன்னது நீங்கள். கமிட்டியில் அந்தக் கதையை எடுத்துவிடுங்கள். பேவர் போட்டால் மழைத்தண்ணீர் கிணற்றுக்கு இறங்காது. சித்திரை வெயிலில் அசனப் பந்திக்கு உட்காரும் ஜனங்களுக்கு அடியில் சூடு, மேலே வேம்பும் இல்லை. பீடி சுற்றுகிற அக்காமார் மத்தியானம் எங்கே உட்காருவார்கள்? கேட்டைப் பூட்டினால் டியூஷன் பிள்ளைகள் எங்கே போகும்? திருட்டுப் பயம் என்றால் கோயில் கதவுக்கு நல்ல பூட்டாகப் போடட்டும், வளாகத்துக்கு எதற்கு? சருகைப் பெருக்க ஆள் இல்லை என்று சொன்னால், மாசச் சம்பளத்துக்கு ஓர் ஆள் வையுங்கள், முதல் வருஷம் நான் தருகிறேன்.

கயிறு வைத்து வேம்பின் சுற்றளவை அளந்து எழுதுங்கள். வேரில் படாமல் சுற்றி ஒரு திண்ணை கட்ட எவ்வளவு ஆகும் என்று கொத்தனாரிடமும் கேளுங்கள். உபயம் என்று பெயர் எதுவும் பொறிக்க வேண்டாம் என்றுதான் முதலில் நினைத்தேன். இங்கேயும் பெஞ்சுக்குப் பெஞ்சு பித்தளைத் தகட்டில் பெயர் உண்டு, அந்த வியாதி நமக்கு மட்டும் இல்லை. ஆனால் நேற்று டியூட்டியில் ராத்திரி மூணு மணிக்கு, அம்மா பெயரை மட்டும் சின்னதாகப் போட்டால் என்ன என்று தோன்றியது. நீங்களே யோசித்துச் சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மகள்