கேஎல் (கோலாலம்பூர்) இரவுக்குக் கிளம்பும் நம் பிள்ளைகளுக்கு

தம்பி தங்கைகளே, சனிக்கிழமை சுங்கை சிப்புட்டிலிருந்து இடிஎஸ் ரயில் ஏறுகிறவர்கள் கவனியுங்கள். உட்கார்ந்து பேசிக்கொண்டே பீர் குடிக்க சங்காட் புக்கிட் பிந்தாங் தெரு போதும். எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். ஆடத்தான் வேண்டுமென்றால் ஜாலான் துன் ரசாக் சாலையில் ட்ரெக் கேளிக்கை வளாகம். சூக் கிளப் அங்கேதான். சிலிப்பர், அரைக்கால் சட்டையோடு போனால் பெரும்பாலும் வாசலிலேயே திருப்பிவிடுவார்கள். மைகாட் (அடையாள அட்டை) முக்கியம், 21 வயது ஆகாதவருக்கு மது விற்கக் கூடாது. கிளாஸை மேசையில் விட்டுவிட்டு ஆடப் போகாதீர்கள்; விட்டுவிட்டால் அதைத் தொடாமல் வேறு வாங்குங்கள்.

அப்புறம், கார், மோட்டார் சைக்கிள் வேண்டவே வேண்டாம். குடித்து ஓட்டிய குற்றம் உறுதியானால் முதல் தடவையே 10,000 முதல் 30,000 ரிங்கிட் அபராதம், 2 ஆண்டு வரை சிறையும் உண்டு. நள்ளிரவுக்குப் பிறகு கிரேப் வாடகைக் கார்தான். பெண் பிள்ளைகளைத் தனியாக ஏற்றிவிடாதீர்கள். அறைக்குப் போனதும் இங்கே ஒரு வரி போடுங்கள்.