21,000 ரூபாயைத் தாண்டினால்

மதுரை,
26.10.2025

அன்புள்ள தேனு,

இங்கே எல்லோரும் நலம். நீயும் அண்ணனும் பிள்ளைகளும் நலம்தானே? தீபாவளிக்கு நீ அனுப்பிய அதிரசம் ஒன்றுகூட உடையாமல் வந்து சேர்ந்தது. வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே அம்மா தின்றுவிட்டார், இப்போது சர்க்கரை அளவு பார்க்கக் கையை நீட்ட மாட்டேன் என்கிறார். சுந்தரி மகளுக்குத் தையில் கல்யாணம், மாப்பிள்ளை வீடு திருமங்கலம். நம் தோழிகள் கூடும் வட்டமேசை மாநாட்டை மண்டபத்திலேயே வைத்துக்கொள்ளலாம் என்கிறாள். இந்தத் தடவையும் ஆடிட்டு, அது இதென்று கோயம்புத்தூரிலேயே உட்கார்ந்துவிட்டாயானால் கெமிஸ்ட்ரி மேடத்திடம் பழைய கதையெல்லாம் சொல்லிவிடுவேன், பார்த்துக்கொள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போனில் பேசினால் பாதியிலேயே "சுருக்கமாச் சொல்லுடி" என்பாய். இதைச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. அப்புறம், நீ இன்சூரன்ஸ் கம்பெனிக்காரி, உன்னால் ஆக வேண்டிய காரியம் ஒன்றும் இருக்கிறது.

எங்கள் கம்பெனியில் ரப்பரை அச்சில் வார்க்கிற மோல்டிங் பாண்டியை உனக்கு ஞாபகம் இருக்கும். கப்பலூர் டோல்கேட் தாண்டி உங்கள் கார் நின்றுபோன ராத்திரி டார்ச் லைட்டோடு வந்தாரே, அவர்தான். போன வாரம் நான் சம்பளப் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தேன். மோல்டிங் ஆட்களுக்கு இந்த மாதத்திலிருந்து 1,500 ரூபாய் ஏற்றச் சொல்லியிருந்தார் முதலாளி. பாண்டிக்கு இப்போது 20,200. கூட்டினால் 21,700. அவர் ஆபீஸ் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, வேஸ்ட் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார். ரப்பர் கறுப்பு ரேகைக்குள்ளேயே இறங்கிவிட்ட கை, எவ்வளவு துடைத்தாலும் போகாது. துடைத்துக்கொண்டே நின்றார். அப்புறம் மெதுவாக, "அக்கா, எனக்கு இந்த ஏத்தம் வேணாம். சார்ட்டச் சொல்லி என் பேரை மட்டும் விட்டுருங்க" என்றார்.

சம்பளம் பத்தவில்லை என்று என் மேசை முன்னால் சண்டை போட்டவர்கள் உண்டு. அட்வான்ஸ் கேட்டுக் கண்கலங்கியவர்கள் உண்டு. கூட்டிக் கொடுப்பதை வேண்டாம் என்று ஒருவர் வந்து நிற்பதை இப்போதுதான் பார்க்கிறேன்.

காரணம் செல்வி, அவர் மனைவி. இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரத்துக்கு இரண்டு தடவை டயாலிசிஸ். தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடான ஈ.எஸ்.ஐ.யின் ஆஸ்பத்திரியில் எழுதி வாங்கிப் போய், அவர்களோடு ஒப்பந்தம் உள்ள ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் செய்துகொள்கிறார்கள். கையிலிருந்து ஒரு ரூபாய் செலவில்லை. மாதச் சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டினால் ஈ.எஸ்.ஐ. கிடையாது. பாண்டி தாண்டப் போவது 700 ரூபாய்.

தனியார் பாலிசியெல்லாம் உனக்குத் தண்ணிபட்ட பாடு. ஈ.எஸ்.ஐ. என் பக்கத்துச் சமாச்சாரம், அதனால் நான் சொல்கிறேன், கேள். தொழிலாளியிடம் பிடிப்பது 0.75 சதவீதம், முதலாளி போடுவது 3.25 சதவீதம். 21,000 வாங்குகிற ஆளுக்கு இரண்டும் சேர்ந்து மாதம் 840 ரூபாய், வருஷத்துக்கு 10,080. அதற்குள் அவர், மனைவி, பிள்ளைகள், அவரை நம்பியிருக்கிற தாய் தகப்பன் எல்லோருக்கும் வைத்தியம். இத்தனை லட்சத்தோடு சரி என்கிற வரம்பு இல்லை. இது முன்னாலேயே இருந்த நோயா என்று யாரும் கேட்பதில்லை. உடம்புக்கு முடியாமல் படுத்துவிட்டால் வருஷத்தில் 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளமும் உண்டு. மருந்துக்கு வரிசை, கையெழுத்துக்கு அலைச்சல் என்று குறையும் நிறைய இருக்கிறது, நானே வாய் ஓயாமல் பேசியிருக்கிறேன். ஆனாலும் மாதம் 840 ரூபாய்க்கு இப்படி ஒன்றை உங்கள் கம்பெனி தருமா, சொல்.

இந்த வரம்பு 2010இல் 15,000 ஆக இருந்தது. 2017 ஜனவரியில் 21,000 ஆக்கினார்கள். அதோடு சரி. அன்றைக்கு எங்கள் கம்பெனியில் அவ்வளவு வாங்கியவர் ஃபோர்மேன் மட்டும்தான். இன்றைக்கு மோல்டிங்கில் பாதிப் பேர் அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டார்கள். அரிசி விலை ஏறியது, வாடகை ஏறியது, பிள்ளைகள் ஃபீஸ் ஏறியது, அதைச் சமாளிக்கச் சம்பளமும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. அதற்காக இவர்கள் எல்லாம் வசதிக்காரர்கள் ஆகிவிட்டார்களா? 2017இல் 15,000 வாங்கியபோது எந்த வாடகை வீட்டில் இருந்தாரோ அதே வீட்டில்தான் பாண்டி இன்னும் இருக்கிறார்.

"முதலமைச்சர் காப்பீடு இருக்குல்ல?" என்றார் ஃபோர்மேன். இருக்கிறது, நல்ல திட்டம்தான். 2009இல் ஆரம்பித்ததிலிருந்து எத்தனையோ குடும்பங்களைக் கரை சேர்த்திருக்கிறது. குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை. ஆனால் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அதாவது மாதம் 10,000. பாண்டிக்கு அந்த வாசலும் அடைப்பு. பெரியாஸ்பத்திரி யாரையும் திருப்பி அனுப்பாது, அது எனக்கும் தெரியும், கடைசியில் நமக்கெல்லாம் அதுதான் துணை. ஆனால் இன்றைக்கு வீட்டுப் பக்கத்திலேயே ஒழுங்காக நடந்துகொண்டிருக்கிற வைத்தியத்தை, சம்பளம் 700 ரூபாய் தாண்டிய குற்றத்துக்காக ஏன் நிறுத்த வேண்டும்? 22,000, 25,000, 30,000 என்று வாங்குகிற இந்த நடுவாந்தர ஆட்களைப் பற்றி யாருக்குமே கவலை இல்லை, தேனு. ஏழை என்று அட்டை கொடுக்கவும் மாட்டார்கள். பெரிய கம்பெனிக்காரர்கள் மாதிரி இவர்களுக்கு குரூப் பாலிசியும் கிடையாது. போய்க் கடையில் வாங்கிக்கொள் என்று விட்டுவிடுகிறார்கள்.

அந்தக் கடையிலும் விசாரித்துப் பார்த்தேன். ஏஜெண்ட் ஒருவரைப் பிடித்து, நாலு பேர் குடும்பம், 5 லட்சம், மூத்தவருக்கு 44 வயது என்றதும் ஆள் உற்சாகமாக ரேட் சொல்ல ஆரம்பித்தார். டயாலிசிஸ் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "அந்தம்மாவை விட்டுட்டு மத்த மூணு பேருக்கும் போட்டுக்கலாம் மேடம்" என்றார். யாருக்காகக் கேட்கிறோமோ அவரை விட்டுவிட்டு! முன்னாலேயே இருக்கிற நோய்க்குக் காத்திருக்கும் காலத்தை நாலு வருஷத்திலிருந்து மூன்று வருஷமாக 2024 ஏப்ரலில் குறைத்தார்களே, அதைச் சொல்லிப் பார்த்தேன். பாலிசியே கொடுக்கவில்லை என்றால் எங்கிருந்து காத்திருப்பது? கொடுத்தாலும் செல்வியால் மூன்று வாரம் காத்திருக்க முடியுமா?

முதலாளி நல்ல மனுஷன். "புஸ்தகத்துல 20,900 போடும்மா, மிச்சத்த வவுச்சர்ல கொடுத்துரலாம்" என்றார். நான் முடியாது என்றேன். பாண்டி பிரஸ்ஸுக்குள் கை விட்டு வேலை பார்க்கிற ஆள். நாளைக்கு ஒன்று என்றால் நஷ்டஈட்டுக் கணக்கு புத்தகத்தில் இருக்கிற சம்பளத்தை வைத்துத்தான் வரும். வேலையை விட்டுப் போகும்போது வாங்குகிற கிராஜுவிட்டியும் அப்படித்தான். அவர் கஷ்டத்தைச் சாக்காக வைத்து அவர் உரிமையையே நாம் குறைத்துவிடக் கூடாது இல்லையா?

ஒரே ஒரு வழி எனக்குத் தெரிந்தது. ஈ.எஸ்.ஐ.யில் வருஷத்தை ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச் என்று இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். அரையாண்டு ஆரம்பித்த பிறகு சம்பளம் தாண்டினால் அந்த அரையாண்டு முடிகிற வரை பிடித்தம் தொடரும். அக்டோபர் சம்பளத்திலேயே ஏற்றிவிட்டால் பாண்டி இந்த அரையாண்டுக்குள்ளேயே வர முடியாது, செப்டம்பர் வரை கட்டியதற்குப் பலன் அடுத்த ஜூன் வரைதான், செல்வியின் வைத்தியம் அதோடு நிற்கும். நவம்பரிலிருந்து ஏற்றினால் மார்ச் வரை கட்டலாம், பலன் 2026 டிசம்பர் வரை வரும். ஒரு மாத ஏற்றத்தை விட்டுக்கொடுத்தால் ஆறு மாத டயாலிசிஸ்! முதலாளி உடனே சரி என்றுவிட்டார். கோட்டைத் தாண்டுகிற மற்றவர்களும் எங்களுக்கும் நவம்பரே போதும் என்றார்கள். பாண்டி கும்பிட்டுவிட்டுப் போனார். எனக்கு அந்தக் கும்பிடு பிடிக்கவே இல்லை. இது நான் கொடுத்ததா என்ன?

அதற்கப்புறம் என்ன செய்வது என்பதுதான் என் தூக்கத்தைக் கெடுக்கிறது. நான் கேட்பது இதைத்தான். ஐந்து வருஷமாவது ஈ.எஸ்.ஐ.யில் இருந்து ஓய்வு பெற்றவர், வருஷத்துக்கு 120 ரூபாய் கட்டினால் அவருக்கும் துணைக்கும் வைத்தியம் உண்டு என்று விதியிலேயே இருக்கிறது. வேலையை முடித்துவிட்டுப் போனவரை வைத்துக்கொள்ள வழி இருக்கிறபோது, வேலை பார்த்துக்கொண்டிருப்பவர் "முதலாளி பங்கையும் நானே கட்டுகிறேன், என்னை வெளியே அனுப்பாதீர்கள்" என்றால் ஏன் வாங்கிக்கொள்ளக் கூடாது? 21,700க்கு நாலு சதவீதம் 868 ரூபாய். பாண்டியிடம் கேட்டேன். "ரெண்டு மடங்குகூடக் கட்டுறேங்க்கா" என்றார். வரம்பை ஏற்றுவதாகப் பேச்சு அடிபட்டுக்கொண்டேதான் இருக்கிறது. ஏற்றினாலும் சில வருஷத்தில் எல்லோரும் புதுக் கோட்டுக்குப் பக்கத்தில் வந்து நிற்பார்கள். கோட்டைத் தாண்டினாலும் தொடரலாம் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். தொழிற்சங்கத்தில் இருக்கிற உன் நாத்தனாரிடம் இதைக் கட்டாயம் சொல்.

உன் பக்கத்தையும் நான் விடப்போவதில்லை. செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிக்கு ஜிஎஸ்டி இல்லை என்று வாட்ஸ்அப்பில் பூவும் பொம்மையுமாக அனுப்பினாயே, எங்கள் ரெனிவல் நோட்டீஸ் வந்துவிட்டது. போன வருஷம் 15,000, வரி 2,700, ஆக 17,700 கட்டினோம். இந்த வருஷம் வரி இல்லாமலே 20,900. இவருக்கு வயது 50 தாண்டிவிட்டதாம், ரேட்டையும் மாற்றியிருக்கிறார்களாம். அறுபது தாண்டியவர்களுக்கு வருஷத்தில் 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றுவதென்றால் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தைக் கேட்க வேண்டும் என்று இந்த ஜனவரியில் உத்தரவு போட்டார்கள், நல்லது. நம் வயசுக்காரர்களுக்கு எந்தக் கடிவாளமும் இல்லை. புதிய வருமான வரிமுறைக்கு மாறியதில், பிரீமியத்துக்குக் கிடைத்த 80டி வரிக் கழிவும் போய்விட்டது.

சரி, கட்டியதற்காவது பலன் உண்டா? ஆவணியில் இவருக்குப் பித்தப்பைக் கல் ஆபரேஷன் நடந்ததே, அந்தக் கணக்கை உனக்குச் சொல்லவில்லை. 3 லட்சம் பாலிசி, அறை வாடகை வரம்பு அதில் ஒரு சதவீதம், நாளைக்கு 3,000. அந்த வாடகையில் அறை காலியில்லை என்று ஆஸ்பத்திரியே 5,000 ரூபாய் அறையைக் கொடுத்தது. 5,000த்தில் 3,000 என்றால் 60 சதவீதம்தானே, அதனால் டாக்டர் ஃபீஸ், தியேட்டர், நர்சிங் எல்லாவற்றுக்கும் 60 சதவீதம்தான் என்றுவிட்டார்கள். மருந்துக்கும் டெஸ்டுக்கும் மட்டும் முழுசாகக் கொடுத்தார்கள். அறைக்காகக் கூடுதலாக ஆனது 6,000 ரூபாய். அதையும் சேர்த்து எங்கள் தலையில் விழுந்தது 36,000. டாக்டர் அதே டாக்டர், கத்தி அதே கத்தி. அறை மாறினால் ஆபரேஷன் செலவில் நாற்பது சதவீதத்தை எதற்குக் கழிக்க வேண்டும்? பாலிசியில் எழுதியிருக்கிறது என்று சொல்லாதே, எழுதியிருப்பது எனக்கும் தெரியும். அது நியாயமா என்றுதான் கேட்கிறேன். மாசம் 22,000 வாங்குகிற ஆள் அந்த 36,000ஐ ராத்திரியோடு ராத்திரியாக எங்கே போய்ப் புரட்டுவார்? வட்டிக்குத்தான்.

இனி உன் காரியம். முதலாளி மனசு இளகியிருக்கிறபோதே கேட்டுவிட்டேன், வரம்பைத் தாண்டுகிறவர்களுக்கு கம்பெனி பேரில் குரூப் பாலிசி எடுத்துத் தரலாம், பாதி நான் போடுகிறேன் என்கிறார். ஏழு பேர் இருந்தால் எடுக்கலாம் என்று கேள்விப்பட்டேன், எங்களிடம் ஒன்பது பேர் தேறுவார்கள். குடும்பத்தோடு சேர்த்து, முன்னாலேயே இருக்கிற நோய்க்கும் முதல் நாளிலிருந்தே உண்டு என்று வேண்டும். டயாலிசிஸுக்குத் தனி வரம்பு வைக்கக் கூடாது. அறை வாடகைக்கு அந்தச் சதவீதக் கழிவும் கூடாது. குரூப் பாலிசிக்கு மட்டும் 18 சதவீத வரி அப்படியே இருக்கிறதாமே? எனக்கு நான் எடுத்தால் வரி இல்லை, ஒரு முதலாளி தொழிலாளிக்காக எடுத்தால் வரியா? இதையும் உங்கள் மேலிடத்தில் கேள்.

ரேட் எவ்வளவு என்று மறைக்காமல் எழுது. ஆகாது என்றால் ஆகாது என்றே எழுது, உன் கம்பெனி இல்லாவிட்டால் வேறு எங்கே கேட்கலாம் என்றும் சொல். பாண்டியிடம் நான் இன்னும் இதைப் பற்றிப் பேசவில்லை. ஆசை காட்டிவிட்டு இல்லை என்று சொல்ல எனக்கு மனசில்லை.

அண்ணனையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

உன்
கலா

பி.கு.: செல்விக்கு வயது 39. டயாலிசிஸ் ஆரம்பித்தது போன வருஷம் பங்குனியில். கேட்பார்கள் என்று எழுதியிருக்கிறேன். டிஸ்சார்ஜ் பேப்பர்களை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன்.