டிஸ்லெக்ஸியாவும் 'வலது மூளை' விளம்பரங்களும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டிஸ்லெக்ஸியா எனும், வாசிப்பதிலும் எழுத்துக் கூட்டுவதிலும் சிரமம் தரும் கற்றல் குறைபாடு உள்ளவர்கள் 'வலது மூளைக்காரர்கள்' என்றும், இடது மூளையைத் தூண்டினால் வாசிப்பு சரியாகிவிடும் என்றும் சொல்லும் பயிற்சி விளம்பரங்களை நம்பி, வேலைக்குச் செல்லும் பெரியவர்களும் பணம் கட்டுவதைக் கண்டு வருந்தி இதை எழுதுகிறேன்.

இந்த எண்ணம் நூறாண்டு பழையது. மூளையின் ஒரு பாதி மற்றதை முழுமையாக ஆளாததே எழுத்துத் தடுமாற்றத்துக்குக் காரணம் என்று 1925இல் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஆர்ட்டன் கருதினார். 1985இல் மூளை ஆய்வாளர் கலபுர்தாவின் குழுவினர், டிஸ்லெக்ஸியா இருந்து இறந்த நால்வரின் மூளைகளில், மொழியோடு தொடர்புடைய, பலருக்கு இடப்பக்கம் பெரிதாக இருக்கும் ஒரு பரப்பு இருபுறமும் ஒரே அளவில் இருந்ததாகத் தெரிவித்தபோது அந்த எண்ணம் மேலும் வலுப்பெற்றது. ஆனால் 1968இலேயே கெஷ்விண்ட், லெவிட்ஸ்கி என்ற ஆய்வாளர்கள் 100 மூளைகளை அளந்து, அதே பரப்பு 65இல் மட்டுமே இடப்பக்கம் பெரிதாகவும், 24இல் சமமாகவும், 11இல் வலப்பக்கம் பெரிதாகவும் இருந்ததைக் காட்டியிருந்தார்கள். அந்த 35 பேரையும் வாசிக்கத் தெரியாதவர்கள் என்று யார் சொல்வார்கள்?

இன்று, மொழிக்காக மூளையின் எந்தப் பாதி கூடுதலாக இயங்குகிறது என்பதை அறிய, ஓர் எழுத்தில் தொடங்கும் சொற்களை மனத்துக்குள் தேடச் சொல்லி, அப்போது மூளையின் இருபுறமும் ரத்தம் பாயும் வேகத்தை அல்ட்ராசவுண்ட் மூலம் ஒப்பிடுகிறார்கள். டிஸ்லெக்ஸியா உள்ள பெரியவர்களிலும் பெரும்பாலோருக்கு மொழி இடப்பாதியில்தான் இயங்குகிறது. சராசரியில் இடப்பாதியை நோக்கிய இந்தச் சாய்வு சற்றுக் குறைவு எனச் சில ஆய்வுகள் காண்கின்றன, சில காணவில்லை. கண்டாலும், அது வாசிப்புச் சிக்கலுக்குக் காரணமா, பல ஆண்டுகள் குறைவாக வாசித்ததன் விளைவா என்பதை அந்த அளவீடு மட்டும் சொல்லிவிடாது.

சிறப்பாசிரியரான என்னிடம் வரும் பெரியவர்கள், பழகிய சொற்களைப் பார்த்த மாத்திரத்தில் ஊகித்துவிடுவார்கள். பொருளற்ற ஒரு புனைசொல்லைக் கொடுத்தால், விரலை வரியிலிருந்து எடுக்காமல் எழுத்துக் கூட்டி, பாதியில் நின்று, மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்கள். இவர்களுக்கு வேண்டியவை ஒலியையும் எழுத்தையும் இணைக்கும் முறையான, பொறுமையான பயிற்சி, தேர்வில் கூடுதல் நேரம், உரக்கப் படித்துக்காட்டும் மென்பொருள் ஆகியவை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் கற்றல் குறைபாட்டை அங்கீகரித்திருக்கிறது.

ஆகவே, மூளையின் பக்கத்தை மாற்றித் தருவதாகச் சொல்லும் விளம்பரங்களை ஏற்குமுன் ஆதாரம் கேட்குமாறும், அவற்றைச் செய்திபோல் வெளியிடாதிருக்குமாறும் தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சிறப்பாசிரியர், திருச்சி