செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, சங்கத்து உறவுகளே, வணக்கம்.

வழக்கமான விடயங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். பொங்கல் விழா, சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு, முதியோர் சுற்றுலா எல்லாம் குறைவில்லாமல் நடந்தன. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். நான் அதிக நேரம் எடுக்கப்போவது, போன ஆண்டு நீங்கள் கைதூக்கி அனுமதித்த ஒரு வேலையைப் பற்றி. லண்டனில் தஞ்சம் கேட்டுக் காத்திருக்கும் நம்மவர்களை மனவடுவுக்கான, அதாவது கொடிய அனுபவங்கள் மனதில் விட்டுப்போகும் காயத்துக்கான, பேச்சுச் சிகிச்சைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை அது.

தொலைபேசி எண் ஒன்றைக் கொடுத்துவிட்டால் முடிந்துவிடும் என்றுதான் தொடக்கத்தில் நினைத்தோம். மனவடு என்பது யாழ்ப்பாணத்தில் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள் போர்க்காலத்திலேயே பயன்படுத்திய சொல். ஆனால் நம்மிடம் வருகிறவர் யாரும் அந்தச் சொல்லோடு வருவதில்லை. தலையிடி, நெஞ்சு இறுக்கம், நித்திரை இல்லை, ஒரே யோசனை என்றுதான் சொல்வார்கள். நவம்பர் 5 இரவு இங்கே வெடி கொளுத்தினால் விடியும்வரை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார்கள். முள்ளிவாய்க்கால் நினைவு வரும் மே மாதம் நெருங்கினால் எல்லாமே கூடிவிடும். வைத்தியரிடம் போய் வலி மாத்திரையோடு திரும்புவார்கள். மனநலம் என்று வாய் திறந்தால், "எனக்கென்ன விசரே?" என்று எழும்பிவிடுவார்கள். நாமும் மண்டபக் கதவில் 'மனநல ஆலோசனை' என்று எழுதி ஒட்டிப் பிழை விட்டோம். மூன்று கிழமை யாரும் வரவில்லை. அதைக் கழற்றிவிட்டு 'செவ்வாய்த் தேத்தண்ணி' என்று மாற்றிய பிறகுதான் கதவு திறந்தது.

அடிக்கடி கேட்ட இன்னொரு பதில்: "அதுதான் இன்டர்வியூவிலயே எல்லாத்தையும் சொல்லிட்டனே." இதை நாம் விளங்கிக்கொள்ள வேண்டும். தஞ்சக் கோரிக்கை நேர்காணலில் கேட்பது திகதி, இடம், எத்தனை பேர், என்ன உடுப்பு. மனவடு உள்ளவரின் நினைவு அப்படி அடுக்கி வைத்ததாக இருக்காது. சப்பாத்துச் சத்தமும் டீசல் மணமும் நேற்று நடந்ததுபோல் இருக்கும். எது முதல், எது பிறகு என்பது மட்டும் நழுவிப்போயிருக்கும். அங்கே அது முரண்பாடு என்று எழுதப்படும். சிகிச்சை அறையில் அந்த வரிசையை அவரோடு உட்கார்ந்து ஆறுதலாகத் தேடுவார்கள்.

ஏப்ரலில் சிகிச்சையாளர் ஒருவர் நமது மண்டபத்துக்கு வந்து தொண்டர்களுக்கு இதை விளக்கினார். ஜெர்மனியின் கொன்ஸ்டான்ஸ் பல்கலைக்கழகத்தில் மாகி ஷவர், ஃபிராங்க் நொய்னர், தோமஸ் எல்பெர்ட் மூவரும் உருவாக்கிய, வாழ்க்கைக் கதையை வரிசையாகச் சொல்லிப் பார்க்கும் சிகிச்சை முறை (Narrative Exposure Therapy) அது. கைநூல் 2005இல் வந்தது. ஒரு கயிற்றைத் தரையில் நீட்டி வைப்பார்கள். ஒரு நுனி பிறப்பு. நல்ல நாளுக்குப் பூ, கொடிய நாளுக்குக் கல். மறு நுனியைச் சுருளாகவே விட்டுவிடுவார்கள்; அது இன்னும் வராத காலம். அடுத்தடுத்த சந்திப்புகளில் ஒவ்வொரு கல்லாக, நடந்த வரிசையிலேயே பேசுவார்கள். சிகிச்சையாளர் அதை எழுதி அடுத்த முறை வாசித்துக் காட்டுவார். கடைசியில் அந்த வாழ்க்கைக் கதை எழுத்தில் அவர் கைக்கே வரும்.

நமது தொண்டர் ஒருவர் முன்வந்து கயிற்றில் பூ வைத்தார். முதல் பூ, அப்பாவின் சைக்கிள் பாரில் இருந்து பள்ளிக்கூடம் போனதற்கு. இரண்டாவது, தம்பி பிறந்ததற்கு. அப்புறம் கூடையிலிருந்து ஒரு கல்லை எடுத்தார். வைக்கவில்லை, கைக்குள் பொத்திக்கொண்டே நின்றார். "இன்றைக்கு வைக்க வேண்டாம், இது அதற்கான இடம் இல்லை" என்று சிகிச்சையாளர் மெதுவாகச் சொன்னார். முதல் நாளே எல்லாவற்றையும் கொட்டவைப்பது சிகிச்சை இல்லை என்பது அன்று எங்களுக்கு விளங்கியது.

இந்த முறை நம் மண்ணுக்குப் புதிதல்ல. 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையின் வடகிழக்கில் 31 பிள்ளைகளோடு இதன் சிறுவர் வடிவத்தையும் தியான, தளர்வுப் பயிற்சியையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஆளுக்கு ஆறு அமர்வுகள். இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் நன்றாகத் தேறினார்கள். ஆகவே ஒரே வழிதான் உண்டு என்று நாம் யாரிடமும் சொல்லக் கூடாது.

"கேஸ் முடியட்டும், பிறகு பார்ப்பம்" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வழக்கு நடக்கிறது என்பதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம் என்று இங்கே மருத்துவ வழிகாட்டல்களை வெளியிடும் நைஸ் (NICE) அமைப்பின் 2018 வழிகாட்டல் சொல்கிறது. தஞ்சம் கோரியவருக்கு இங்குள்ள அரச மருத்துவ சேவையான என்எச்எஸ் (NHS) சிகிச்சை இலவசம். இங்கிலாந்தில் வைத்தியரிடம் பதிய விசா காட்டத் தேவையில்லை. திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தை எந்தச் சிகிச்சையும் எடுத்துவிடாது, அது உண்மையான பயம். ஆனால் அந்தப் பயத்தோடு இரவில் நான்கு மணி நேரமாவது நித்திரை கொள்ள முடிந்தால் அது பெரிய விடயம்.

மிகவும் வருந்திய சம்பவம் ஒன்று. ஒரு சிகிச்சை நிலையத்தில் மொழிபெயர்ப்பாளர் வராததால், ஒருவரின் மனைவியையே மொழிபெயர்க்கச் சொன்னார்கள். தடுப்புக்காவலில் நடந்ததை அவர் மனைவிக்கு ஒருநாளும் சொன்னதில்லை. அன்று வாயே திறக்கவில்லை, பிறகு போகவும் இல்லை. கடிதம் எழுதி, இரண்டு மாதம் கழித்து வேறு மொழிபெயர்ப்பாளரோடு நேரம் எடுத்துக் கொடுத்தோம். வரும் மொழிபெயர்ப்பாளர் எந்த ஊர், எந்தப் பக்கம், வெளியில் கதைப்பாரோ என்ற பயமும் உண்டு. வேறு ஆளைக் கேட்கலாம், பெண்கள் பெண்ணையே கேட்கலாம் என்று முதல் நாளே சொல்லிவிடுகிறோம்.

நமது தொண்டர்களுக்கு ஒரே விதி: கூட்டிக்கொண்டு போங்கள், வெளியில் இருங்கள், திரும்பும்போது என்ன கதைத்தீர்கள் என்று கேட்காதீர்கள். தேத்தண்ணி குடித்துவிட்டு பஸ் ஏற்றிவிடுங்கள். சில நாள் வழி முழுக்கப் பேசாமலே வருவார்கள். வரட்டும்.

வரும் ஆண்டுக்குச் சபையிடம் கேட்பது மூன்று: பஸ் கட்டணத்துக்குத் தனி ஒதுக்கீடு, அமர்வு நேரத்தில் பிள்ளைகளைப் பார்க்க இருவர், பயிற்சி எடுக்க முன்வரும் பெண் மொழிபெயர்ப்பாளர்கள். பெயர் கொடுக்க விரும்புபவர்கள் கூட்டம் முடிய என்னிடம் வாருங்கள். செவ்வாய்க்கிழமைகளில் வடையும் பிளாஸ்க்குமாக வந்து நின்ற அம்மாமாருக்கு எங்கள் நன்றி.

இவ்வறிக்கையைச் சபையின் ஏற்புக்குச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்